கொள்ளிடத்தில் போகிற தண்ணீர் வீணா?

டிஎம்சி கணக்கன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியது: "மேட்டூர் 120 அடி நிரம்பினபிறகு காவிரியின் வெள்ளக் கிளையான கொள்ளிடத்தில் இறங்குவது முழுக்க வீண். பத்து கிலோமீட்டருக்கு ஒரு கதவணை கட்டினால் ஒரு சொட்டும் கடலுக்குப் போகாது." ஒரு சொட்டுமா? விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் 8.64 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). கல்லணைக்குக் கீழே காவிரி சுமார் 10,000 தாங்கும், வெண்ணாறும் அதே அளவு, கல்லணைக் கால்வாய் நாலாயிரத்துச் சொச்சம். மீதி கொள்ளிடத்துக்கு, ஒரு நாளைக்கு ஆறரை டிஎம்சி. ஆதனூர் - குமாரமங்கலம் கதவணை பிடிப்பது ஒரு டிஎம்சியில் மூன்றில் ஒரு பங்கு. அப்படி இருபது கட்டினாலும் ஒரே நாளில் ரொம்பிவிடும். இரண்டாம் நாள்?

சேலத்துக்காரன்: எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். மேட்டூரின் கொள்ளளவே 93.47 டிஎம்சி. உங்கள் ஆறரைக் கணக்குப்படி பதினைந்து நாளில் இன்னொரு மேட்டூர் கடலுக்குப் போய்விடுகிறது. ஜூன் 12-ல் திறக்கத் தண்ணீர் இல்லாமல் குறுவை போகிற வருஷமும் இதே ஆற்றில்தானே வருகிறது? கதவணையில் நிற்பது மட்டுமா கணக்கு? மணலுக்குள் ஊறுவது?

டிஎம்சி கணக்கன்: மணல் எங்கே மிச்சம்? அள்ளின இடத்தில் களிமண் தெரிகிறது, அதில் எது ஊறும்? படுகை தாழ்ந்தால் கதவணையின் அடித்தளத்தையே வெள்ளம் அரிக்கும். 1836-ல் கட்டின முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டில் 9 மதகுகள் போனதை மறந்தாச்சா? இருபது கதவணை, ஒரு நாள். இரண்டாம் நாளுக்குப் பதில் வரவில்லை.

கடைமடை: இரண்டு பேரும் கொள்ளளவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கீழே கதவணை கேட்பது உப்புத்தண்ணீரைத் தடுக்க. கோடையில் ஆற்றில் ஓட்டம் நின்றால் கடல் முகத்துவாரம் வழியாக மேலே ஏறுகிறது, கரையோர போர்வெல் தண்ணீர் உப்பாகிறது. அதைக் கழுவித் தள்ளுவதும் இந்த வெள்ளம்தான். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4 என்று எழுதியது. வீண் என்று எழுதவில்லை.

சேலத்துக்காரன்: அந்த 14 பங்கீட்டுக்குள் வருவது, வெள்ள உபரி வேறு. டெல்டாக்காரர்களுக்கு இதே வழக்கம். கடலுக்குப் போனாலும் போகட்டும், சேலத்து ஏரிக்கு வரக்கூடாது. மேட்டூர் உபரியைப் பம்பு வைத்துச் சேலத்து ஏரிகளுக்கு ஏற்றும் சரபங்கா திட்டத்தில் 100 ஏரிக்குக் கேட்டதே 0.555 டிஎம்சி!

கடைமடை: 0.555 பெரிசில்லை. எத்தனை அடியில் 'உபரி' தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள். பம்பு வைத்தபிறகு வறட்சி வருஷத்தில் அது ஓடாது என்று யார் பொறுப்பேற்பது?

மேலணை: ஒரு திருத்தம். கொள்ளிடம் பிரிவது முக்கொம்பில், கல்லணையில் இல்லை. கொள்ளிடம் ஆழமாகி, காவிரி மண்மேடிட்டுத் தண்ணீர் ஏறாமல் போனதால்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். தாழ்வான ஆறு அது, வெள்ளம் அங்கேதான் இறங்கும்.

சேலத்துக்காரன்: கல்லணையில் பிரிகிறது என்று நான் எங்கே சொன்னேன்? கரிகாலனை விட்டுவிட்டுக் காட்டன் புராணம் எதற்கு?

மேலணை: கல்லணையை யாரும் குறைக்கவில்லை. அங்கே மிஞ்சுவதும் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்துக்குத்தான் போகிறது.

டிஎம்சி கணக்கன்: கரிகாலன், காட்டன், சரபங்கா எல்லாம் வந்தாச்சு. ஆறரை டிஎம்சி. இருபது கதவணை. இரண்டாம் நாள் எங்கே நிறுத்துவீர்கள்?

சேலத்துக்காரன்: முதல் நாள் தண்ணீரை நிறுத்தக்கூட மனசு வராதவருக்கு இரண்டாம் நாள் கவலை எதற்கு?