இலங்கையில, மட்டக்களப்பு வாழைச்சேனைக் கடதாசி ஆலையை அரசாங்கம் நடத்தினது பிழையா?

வைக்கோல்_கட்டு:
"அரசாங்கம் தொழில் நடத்தினா நட்டம்தான், சந்தையிட்ட விட்டிருக்கணும்" என்று கல்லடி அண்ணன் எழுதினதுக்குத்தான் இந்தப் பதில். அப்பா அந்த ஆலையில 27 வருஷம் வேலை செய்தவர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சரா இருந்தபோது போட்ட திட்டம், 1950களில ஓடத் தொடங்கினது. நம்மட வயல் வைக்கோல்லதான் கடதாசி. சூடடிச்ச கையோட வைக்கோல் லொறிகள் வாசல்ல வரிசையா நிக்கும். அப்பாட சட்டையில அவிஞ்ச வைக்கோல் மணம் துவைச்சாலும் போகாது. இப்ப அந்த வைக்கோலை வயலுக்குள்ளயே கொளுத்துறாங்க. அந்தக் காலத்துல எந்த முதலாளி வாழைச்சேனைக்கு வந்து காசு போட்டிருப்பார்? தென்கொரியா 1968ல போஸ்கோ உருக்காலையைத் தொடங்கினபோது உலக வங்கியும் சரிவராது என்றுதான் சொன்னது. கொரியாவை ஆண்டதுக்கு யப்பான் கொடுத்த இழப்பீட்டுக் காசையும் போட்டுக் கட்டினாங்க. 1973ல உருக்கு வந்தது.

கல்லடி_பாலம்:
தம்பி, போஸ்கோவைப் பாதிதான் சொல்றீங்க. கொரியாவில அரசாங்கத்திட்ட மலிவுக் கடன் எடுத்த கம்பனி ஏற்றுமதி செய்து காட்டணும். காட்டாட்டி அடுத்த கடன் கிடைக்காது. நம்மட அரச கூட்டுத்தாபனங்களிட்ட யார் அப்படிக் கணக்குக் கேட்டது? ஆட்சி மாற தலைவர் மாறுவார், அவர் தன்ட ஆக்களை வேலைக்குப் போடுவார். யுத்தத்தால ஆலை பட்ட பாட்டை நான் மறக்கல்ல. யுத்தம் இல்லாத தெற்கிலயும் கூட்டுத்தாபனங்கள் திறைசேரிக் காசுலதானே மூச்சு விட்டது?

மருதமுனைத்_தறி:
ரெண்டு பேரும் எங்கட நெசவு ஊர் மருதமுனையையும் பாருங்க. 1970க்கும் 77க்கும் இடையில இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. எங்கட வீட்டுல மட்டும் நாலு தறி. சுபஹுத் தொழுகை முடிய தறிச்சத்தம் தொடங்கும், வாப்பா நெய்வார், உம்மா நூல் சுத்துவா. 1977ல திறந்த பொருளாதாரம் வந்தது, வெளிநாட்டுத் துணி வந்து குவிஞ்சது. ரெண்டு தறியைப் பிரிச்சு விறகுக்குக் கொடுத்த நாள் இன்னும் என்ட கண்ணுக்குள்ள நிக்குது.

ஆனா கல்லடிக் காக்கா சொல்றதுல உண்மை இருக்கு. இறக்குமதியைப் பூட்டி வச்ச காலத்துல சாயம் போற சாறனும் வித்தது, கடையில வேற சாறன் இல்லாதபடியால். யாரும் எங்களிட்டச் சாயத்தைத் திருத்தச் சொல்லவும் இல்ல, திருத்தப் பழக்கவும் இல்ல. கொரியா இறக்குமதியைப் படிப்படியாத் திறந்தது. நமக்கு அந்த அவகாசம் கிடைக்கல்ல.

ஏறாவூர்ப்_புள்ள:
நான் ஆடைத் தொழிற்சாலையில லைன் சுப்பர்வைசர். பங்களாதேஷைப் பாருங்க. 1979ல தேஷ் என்ற கம்பனி 130 பேரைக் கொரியாவில டேவூ நிறுவனத்திட்டப் பயிற்சிக்கு அனுப்பினது. திரும்பி வந்தவங்கள்ல கனபேர் பிறகு சொந்தமாத் தொழிற்சாலை போட்டாங்க. ஏற்றுமதிக்காக வாற துணிக்கு வரி கட்டாமக் களஞ்சியத்துல வைக்க அரசாங்கம் வழி செய்து கொடுத்தது. ஆடைத் தொழில்ல அரசாங்கம் ஆலை நடத்தல்ல, சந்தையிட்டயும் விட்டுடல்ல.

நாங்க இன்னும் வெளிநாட்டுத் துணியைத்தான் தைக்கிறம். 2010ல ஐரோப்பா ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்தினது, 2017லதான் திரும்பக் கிடைச்சது. யாரோ தூரத்துல எடுக்கிற முடிவுக்கு எங்கட ஓவர்டைம் கூடிக் குறையுது. ஏறாவூர்ப் புடவை வலயத்துல துணி செய்தாலும், நம்மட பிள்ளைகளுக்குச் சாய வேலையும் பெற்றன் (உடுப்பு வெட்டுற அளவு மாதிரி) வெட்டுறதும் யார் பழக்கப் போறாங்க? எனக்கு அதுதான் கேள்வி.

வைக்கோல்_கட்டு:
தங்கச்சி சொல்ற பயிற்சியை ஏற்கிறன். அப்பாவுக்கு மெசினை ஓட்டத்தான் பழக்கினாங்க, திருத்தப் பழக்கல்ல. அரச உதவிக்குக் காலக்கெடுவும் வைக்கட்டும். ஆலை வேணாம் என்றதை மட்டும் ஏற்கமாட்டன்.

கல்லடி_பாலம்:
கெடு முடிஞ்சா நிப்பாட்டுறது யார்? ஆள் போடுற அதே அமைச்சுத்தானே?

வைக்கோல்_கட்டு:
வைக்கோல் கொடுக்கிற விவசாயச் சங்கங்களுக்கு ஆலையில பங்கு கொடுங்க அண்ணன். ஒரு போகக் காசு பிந்தினா அவங்க கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி வாசல்ல வந்து நிப்பாங்க.