வெள்ளை எலி இரண்டு வரப்போகின்றன, கூண்டு எப்படி அமைப்பது?

மஞ்சை அம்மா (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் தோழி வீட்டில் வெள்ளை எலி குட்டி போட்டிருக்கிறது, அதில் இரண்டை அடுத்த ஞாயிறு எடுத்து வருவதாகப் பேச்சு. ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு, எலியைப் பற்றி நோட்டில் நாலு பக்கம் எழுதியும் காட்டினாள், அப்புறம்தான் சரி என்றேன்.

வீடு மஞ்சக்குப்பத்தில், மாடி வாடகை. மேலே நேராக மொட்டைமாடி, அதனால் வெயில் காலத்தில் ராத்திரி பத்து மணிக்குக்கூட சுவரைத் தொட்டால் சுடும். முன்பு லவ்பேர்ட்ஸ் வளர்த்த கூண்டு ஒன்று பரணில் கிடக்கிறது. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். கம்பிக்கு நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. அது போதுமா? கீழே என்ன பரப்புவது? மரம் அறுக்கும் இடத்தில் மரத்தூள் சும்மாவே தருகிறார்கள். சாப்பாட்டுக்குக் கடையில் ஹாம்ஸ்டர் தீனி என்று ஒரு பாக்கெட் காட்டினார்கள், பாதிக்கு மேல் சூரியகாந்தி விதைதான் இருந்தது. இன்னொன்று, என் மாமியார் சமையலறையில் எலி மருந்து வைக்கிறவர். அதை நினைத்தால்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

உப்புக்காற்று (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

அக்கா, எலி வருவதற்கு முன்னாடியே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் ஆறு வருடமாக வளர்க்கிறேன். முதல் ஜோடியை வாங்கி வந்த அன்றைக்குத்தான் கூண்டு தேட ஆரம்பித்தேன், மூன்று நாள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடைத்து வைத்திருந்தேன், அந்தக் கூடையை அவை ஒரே ராத்திரியில் கடித்து ஓட்டை போட்டுவிட்டன.

லவ்பேர்ட்ஸ் கூண்டு வேண்டாம். ஒரு எலிக்குக் குறைந்தது 2 கன அடி இடம் வேண்டும், உங்களுடையது மொத்தமே ஒன்றரைதான். அதைவிட முக்கியம் கம்பி இடைவெளி. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், குட்டிக்கு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கவே கூடாது. முயல் கூண்டு என்று விற்பதில் ஒரு அங்குல வலை இருக்கும், அதுவும் குட்டிக்கு ஆகாது. பக்கத்தில் கிரில் வேலை செய்கிற பட்டறை இருந்தால் சட்டம் அடித்து அரை அங்குல வெல்ட் மெஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். என்னுடையது இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அடி உயரம். நடுவில் இரண்டு தட்டு. கதவை மட்டும் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள், உங்கள் இரண்டு கையும் தோள் வரைக்கும் உள்ளே போனால்தான் மூலையைத் துடைக்க முடியும். நான் முதலில் சின்னக் கதவு வைத்துவிட்டு அப்புறம் பக்கவாட்டையே அறுக்க வேண்டியதாயிற்று.

நம் ஊர் கடற்காற்றுக்கு வெறும் ஜிஐ வலை (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) தாங்காது. அதோடு எலி மூத்திரமும் சேர்ந்தால் எட்டே மாதத்தில் கீழ்வரிசை முழுக்கத் துரு, ஊறிப்போன நாற்றம் கழுவினாலும் போகவில்லை. அதனால் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள், சாதாரண பெயின்ட் அடித்தால் கொறித்துத் தின்றுவிடும். அடியில் வலை இருக்கக் கூடாது, வலை மேலேயே நடந்தால் பாதத்தில் புண் வந்து வீங்கும். வீடு கட்டும்போது மிஞ்சிய டைல்ஸ் இருந்தால் அதையே தரையாகப் போடுங்கள், துடைக்க சுலபம், வெயில் காலத்தில் எலி அதில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

மரத்தூள் வேண்டவே வேண்டாம் அக்கா. எலிக்கு நுரையீரல்தான் பலவீனம். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் உடம்பில் சும்மா உட்கார்ந்திருக்கும். தூசியோ மூத்திரத்தின் அம்மோனியா வாடையோ அதிகமானால் தலைதூக்கும், அப்புறம் தும்மல், மூச்சில் கொரகொரவென்ற சத்தம். பைன், சீடர் மரச்சீவலில் இருக்கிற வாசனை எண்ணெயும் கெடுதல். நான் நியூஸ்பேப்பரைக் கிழித்துப் போடுகிறேன், மேலே பழைய பருத்தி வேட்டித் துண்டு. ஓரம் பிரிந்து நூல் தொங்குகிற துணியைப் போடாதீர்கள், காலில் சுற்றிக்கொள்ளும். நனைந்ததைத் தினமும் எடுங்கள், வாரம் ஒருமுறை முழுசாகக் கழுவுங்கள். பினாயில் ஊற்றாமல் சுடுதண்ணீரும் கொஞ்சம் வினிகரும் போதும். கழுவும்போது பழைய துணி ஒன்றை மட்டும் அப்படியே விட்டு வையுங்கள், தன் வாசனை சுத்தமாகப் போய்விட்டால் அவை இன்னும் அதிகமாக மூத்திரம் தெளிக்கும்.

படுக்க ஒரு தூளி கட்டுங்கள். லுங்கித் துணியை நாலு மூலையிலும் மடித்துத் தைத்து கொக்கியில் மாட்டினால் போதும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றின் வால் மட்டும் வெளியே தொங்கப் படுத்திருக்கும்போது பாருங்கள், பல்லைக் கரகரவென்று அரைக்கும், சந்தோஷம் அதிகமானால் கண் லேசாக முன்னும் பின்னும் துடிக்கும். முதல் தடவை பார்த்து நான் வலிப்பு என்று பயந்துவிட்டேன்.

லாஸ்பேட்டை வாசி:

கூண்டைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. நான் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மே மாதம் மத்தியானம் கரண்ட் போன நாலு மணி நேரத்தில் என்னுடைய ஆண் எலி ஒன்று போய்விட்டது. எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, சூட்டில் ஒரு பங்கை வால் வழியாகத்தான் வெளியே விடும். 30 டிகிரி தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். உங்கள் மொட்டைமாடி வீட்டில் அக்னி நட்சத்திரத்தில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டிலேயே குளுமையான அறை எதுவோ அங்கே வையுங்கள், மேற்குச் சுவரை ஒட்டி வேண்டாம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் போதும். வாய் அகன்ற மண்பானையைப் படுக்கப்போட்டு வைத்தால் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும், வெயில் அதிகமான நாளில் பானையின் வெளிப்புறத்தை நனைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். கரண்ட் போனாலும் இது உதவும், எப்போதும் இரண்டு பாட்டில் உறைந்தபடி இருக்கட்டும். குடிக்கிற தண்ணீருக்கும் இரண்டு பாட்டில் மாட்டுங்கள், தினமும் முனையிலுள்ள குண்டை விரலால் தள்ளித் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் கூடாது. அந்துருண்டையும்தான். கொசுவுக்குக் கூண்டைச் சுற்றி வலை கட்டிவிடுங்கள், கடிக்காதபடி ஒரு அடி தள்ளி.

குரும்பாபேட் பக்கம்:

அக்கா, எடுத்து வருவதற்கு முன் ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள், இதை யாரும் சொல்லவில்லை. இரண்டு இருப்பது நல்லது, தனியாக விட்டால் ஏங்கிப்போகும், ஆனால் இரண்டும் ஆணாகவோ, இரண்டும் பெண்ணாகவோ இருக்க வேண்டும். ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், சினைக்காலம் 21 முதல் 23 நாள், ஒரு ஈற்றில் எட்டு பத்து குட்டி சாதாரணம். ஐந்து வாரத்து ஆணுக்கு வாலடியில் விதைப்பை தெளிவாகத் தெரியும், பெண்ணுக்கு வயிற்றில் முலைக்காம்பு வரிசை தெரியும். தோழி வீட்டில் ஆணும் பெண்ணும் இன்னும் ஒன்றாகவே இருந்தால் பெண் குட்டி சினையோடு வரவும் வாய்ப்பு உண்டு, என்ன வயது என்று கேளுங்கள்.

வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று பாப்பாவிடம் சொல்லிவையுங்கள், தோல் உரிந்து வந்துவிடும். கண்ணோரம் சிவப்பாக ஏதாவது வழிந்தால் அது ரத்தம் அல்ல, போர்ஃபிரின் என்ற சுரப்பு, ஆனால் தொடர்ந்து வந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கம், புதுச்சேரியில், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கடலூரிலிருந்து வரலாம், ஆனால் எலி பார்ப்பார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டு வாருங்கள். நோய் வந்த பிறகு டாக்டரைத் தேடுவது கஷ்டம், எலி உடம்பு ஒரே நாளில் இறங்கிவிடும்.

மஞ்சை அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகளை உட்கார வைத்து மூன்று பதிலையும் படித்துக் காட்டினேன். சாம்பிராணி விஷயம் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. சாப்பாடு என்ன கொடுப்பது, மாமியாரின் எலி மருந்துக்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

அந்தப் பாக்கெட் வேண்டாம், விதையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும், கொழுத்துப்போகும். எலிக்கென்றே செய்த பெல்லட் கிடைத்தால் அதுவே முக்கிய உணவு. கிடைக்காதபோது நான் கம்பு, கேழ்வரகு, உடைத்த கோதுமை கலந்து வைப்பேன், கூட வேகவைத்த பாசிப்பயறு, முருங்கைக்கீரை, வாரம் இரண்டு முறை அவித்த முட்டை. வளர்ந்த எலிக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் உலர் தீனி போதும். ராஜ்மா மாதிரிப் பயறு வேகாமல் கொடுக்காதீர்கள். வேர்க்கடலையில் பூஞ்சை வாடை லேசாக வந்தாலும் தூக்கிப்போடுங்கள், எலிக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது வெளியே வராது.

மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாமியாரிடம் சண்டையாகப் போகாமல், குழந்தையைவிட்டுப் பேசச் சொல்லுங்கள். வெளி எலி ஒன்று மருந்தைத் தின்றுவிட்டுக் கூண்டுப் பக்கம் வந்து எதையாவது போட்டுவிட்டுப் போனாலே ஆபத்து, வெளி எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சலும் வரும், அது நமக்கும் ஆகாது. தீனி டப்பாவை இறுக்க மூடுங்கள், கூண்டைப் பால்கனியில் வைக்காதீர்கள், சமையலறை ஜன்னலுக்கும் சிங்க் குழாய் ஓட்டைக்கும் அரை அங்குல வலை அடியுங்கள். எலியே உள்ளே வராவிட்டால் மருந்துக்கு வேலை இல்லை.

மஞ்சை அம்மா:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இரண்டும் பெண், ஆறு வாரம், ஆண் குட்டிகளை நாலாவது வாரமே பிரித்துவிட்டார்களாம். கூண்டு செம்மண்டலத்தில் ஒரு பட்டறையில் செய்தோம், டைல்ஸ் வீட்டுக்காரர் கொடுத்தார். மாமியார் பேத்தி சொன்னதும் மருந்துப் பாக்கெட்டைத் தானே வெளியே போட்டுவிட்டு, ஜன்னல் வலைக்குக் காசும் கொடுத்தார். தூளி அவர் தைத்ததுதான், என் கணவர் குழந்தையாக இருந்தபோது அவருக்குத் தூளி கட்டிய வேட்டியின் மிச்சமாம். முதல் இரண்டு நாள் பானைக்குள்ளேயே கிடந்தன. நேற்றுச் சாயங்காலம் ஒன்று மட்டும் வெளியே வந்து மகளின் உள்ளங்கையில் இருந்த முட்டைத் துணுக்கை இரண்டு கையாலும் வாங்கித் தின்றது.