டாக்டரோட நிஜப் பேர்: ரிவர் காதுல சொன்ன அந்த வார்த்தை என்ன?

கொன்செடான் குமரன்:
போன வாரம் கரண்ட் இருந்த நாலு மணி நேரத்துல 'டாக்டர் ஹூ' டிவி தொடர்ல 2008ல வந்த நூலகக் கதைய மறுபடி பார்த்தேன். பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. டாக்டர்னு ஒருத்தர், பூமிக்காரர் இல்ல. போலீஸ் பெட்டி மாதிரி இருக்கிற ஒரு நீல வண்டியில காலம் விட்டுக் காலம் போவார். சாகப் போற நேரத்துல உடம்பு மாறி வேற ஆளா எழுந்து நிப்பார். பேர் மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்தக் கதையில ரிவர் சாங்னு ஒரு அம்மா வர்றாங்க. அவர் அதுவரைக்கும் பார்த்தே இராதவங்க. நான் உனக்கு வேண்டியவதான்னு நம்ப வைக்க, காதோரமா ஒரே ஒரு வார்த்தை சொல்றாங்க. நமக்குக் கேக்காது. ஆனா டாக்டரா நடிக்கிற டென்னன்ட் மூஞ்சியப் பாருங்க, பேயறைஞ்ச மாதிரி நிப்பார். என் பேரை ஒருத்தர்கிட்ட சொல்லணும்னா அதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்னு அவரே பின்னால சொல்றார்.

ஆக, பேர் இருக்கு. ஒரே பேர், மாறாத பேர். 'டாக்டர்'ங்கிறது சும்மா வெளிச்சட்டை. இல்லன்னு சொல்றவங்க வாங்க.

மோல்மீன் மீனா:
நான் வர்றேன் தம்பி. பேர் கிடையாது. இருந்தாலும் அது அவரோட பேர் கிடையாது.

1963 நவம்பர்ல தொடர் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே விஷயம் முடிஞ்சு போச்சு. டாக்டரோட பேத்தி சூசன் பள்ளிக்கூடத்துல ஃபோர்மன்னு பேர் கொடுத்திருக்கா. அது அவங்க வண்டி நின்ன பழைய சாமான் கிடங்கோட பலகையில இருந்த பேர். வாத்தியார் இயன் அதை நம்பி 'டாக்டர் ஃபோர்மன்'னு கூப்பிட, கிழவர் 'டாக்டர் யாரு?'ன்னு முழிப்பார். தொடரோட தலைப்பே அந்தக் கேள்விதான். பதில் வந்துட்டா தலைப்பு செத்துப் போச்சு. பதில் இல்லாம இருக்கிறதுக்குன்னே செஞ்ச கேள்விக்கு நீங்க பதில் தேடுறீங்க.

பீலிக்கான் பெரியசாமி:
ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா. எழுதினவனுக்கே தெரியாதுப்பா. கடைசியில ஓடுற நடிகர் பட்டியல்ல 1981 வரைக்கும் 'டாக்டர் ஹூ'ன்னுதான் போட்டாங்க. 82ல இருந்து 'தி டாக்டர்'. 2005ல திரும்ப வந்தப்ப மறுபடி 'டாக்டர் ஹூ'. டென்னன்ட் வந்ததும் திருப்பி 'தி டாக்டர்'. பட்டியல் போடுறவனுக்கே குழப்பம், இதுல ரகசியப் பேராம்.

கொன்செடான் குமரன்:
பெரியசாமிண்ணே, பட்டியல் போடுறவருக்குத் தெரியலன்னா கதைக்குள்ள பேர் இல்லன்னு ஆயிடுமா? எங்க தெரு வரி ரசீதுல எங்க தாத்தா பேரே மூணு விதமா இருக்கு.

மீனாக்கா, கதைக்குள்ளயே சாட்சி இருக்கு. 2013 ஏப்ரல், டாக்டர் கூட வர்ற கிளாராங்கிற பொண்ணு வண்டிக்குள்ள தொலைஞ்சு போற கதை. வண்டிக்குள்ள இருக்கிற நூலகத்துல காலப் போர் வரலாறுன்னு ஒரு தடிப் புத்தகம். விரிச்சு ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு, 'ஓ, இவர்தானா'ன்னு ஒரு சிரிப்பு. அப்புறம் நேருக்கு நேரா அவர்கிட்டயே கேக்குறா: உனக்குப் பேர் இருக்கு, நான் பார்த்தேன், ஏன் டாக்டர்னு சொல்லிக்கிறேன்னு. அதுக்கப்புறம் காலம் திரும்புது, மறந்துடுறா, அது வேற. ஒருத்தி எழுத்துல பார்த்தது எப்படி இல்லாமப் போகும்?

மோல்மீன் மீனா:
//ஒருத்தி எழுத்துல பார்த்தது//

எந்த எழுத்துல? 2011ல தொட்டில் கதை ஞாபகம் இருக்கா? டாக்டர் குழந்தையா இருந்தப்ப படுத்த தொட்டில், அதுமேல அவங்க ஊர் எழுத்து. அப்போ கூட வந்த ஏமிக்குப் படிக்க முடியல. காலிஃப்ரே எழுத்து, அது மொழிபெயர்ப்பாகாதுன்னு ரிவரே சொல்வாங்க. அப்போ கிளாரா படிச்சது அந்த ஊர்ப் பேர் இல்ல. வேற யாரோ வேற எழுத்துல எழுதி வெச்ச ஒண்ணு. உங்க சாட்சி உங்களுக்கே எதிரா நிக்குது.

இன்னொண்ணு. 2020ல வந்த கதைப்படி அவர் அந்த ஊர்ல பிறந்தவரே இல்ல. டெக்டியூன்னு ஒரு பெண் கண்டெடுத்துக் கொண்டு வந்த குழந்தை. அப்போ தொட்டில்ல எழுதினதும் வளர்த்தவங்க ஒட்டின பேர்தான். நிஜம், நிஜம்னு உரிச்சுக்கிட்டே போனா வெங்காயம்தான் மிஞ்சும்.

சனிக்கிழமை சரவணன்:
எல்லாரும் நகருங்க, நான் தீர்த்து வைக்கிறேன். நம்ம பர்மா வழக்கப்படி பொறந்த கிழமைதான் பேரோட முதல் எழுத்து. திங்கள்னா க வரிசை, வியாழன்னா ப, ம. சரியா? டாக்டர் முதல்ல திரையில வந்தது 1963 நவம்பர் 23. கென்னடி சுடப்பட்ட மறுநாள். சனிக்கிழமை! சனிக்குத் த வரிசையும் நவும், அந்தக் கிழமைக்குரிய மிருகம் நாகம்.

இப்போ 'டாக்டர்'ங்கிறதைப் பர்மிய எழுத்துல எழுதிப் பாருங்க. சனிக்கிழமை எழுத்துலதான் ஆரம்பிக்கும். போங்கி, அதான் புத்த பிக்கு, வெச்ச பேர் மாதிரி கச்சிதம். வேற பேர் எதுக்கு?

கொன்செடான் குமரன்:
டேய், நல்லாத்தான் இருக்கு. அப்படின்னா 'தீட்டா சிக்மா'வும் த தானே? 1979ல பழைய கூட்டாளி டிராக்ஸ் அவரை அப்படித்தான் கூப்பிடுவான்.

சனிக்கிழமை சரவணன்:
தமிழனுக்கு ஒரே ஒரு த. பர்மாக்காரன் காதுக்கு அது பல்லுக்கு நடுவுல நாக்கை நீட்டிச் சொல்ற எழுத்து, வெள்ளிக்கிழமை. தள்ளுபடி. அதுவும் 1988ல அவரே ஒத்துக்கிட்டார், அது கல்லூரிப் பட்டப்பேருன்னு.

மோல்மீன் மீனா:
சரவணன் விளையாட்டுக்குச் சொன்னாலும் என் கட்சிதான். இங்க பேருக்கு முன்னாடி சின்னப் பையன்னா மவுங், வாலிபன்னா கோ, பெரியவர்னா ஊ. ஆள் மாற மாற முன்னாடி நிக்கிறது மாறும். அவருக்கு மாறாம நிக்கிறது 'டாக்டர்' ஒண்ணுதான்.

2013 மே மாசக் கதையில அவரே விளக்கிடுறார்: நாம தேர்ந்தெடுக்கிற பேர் ஒரு வாக்குறுதி மாதிரி. அதனாலதான் காலப் போர்ல அந்த வாக்கை மீறின பழைய டாக்டரா நடிகர் ஜான் ஹர்ட் வந்து நிக்கும்போது, அவன் டாக்டர் பேருக்கு உரியவன் இல்லன்னு ஒதுக்குறாங்க. வெறும் பட்டமா இருந்தா, பிடுங்கினா வலிக்குமா?

சொந்தக் கதையும் சொல்றேன். என் ரோஸ் கலர் குடியுரிமை அட்டையில இருக்கிறது பர்மியப் பேர். பள்ளியில சேர்த்த அன்னைக்கு வகுப்பு டீச்சர் ரெண்டு பேர் சொல்லி எது வேணும்னு கேட்டாங்க, ஆறு வயசுல நானே எடுத்தேன். இருபது வருஷமா வேலையிடத்துல அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறேன். அது வேஷம்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும்.

கொன்செடான் குமரன்:
அக்கா, கோபம் வேணாம். வேஷம்னு நான் சொல்லல. உள்ள இன்னொண்ணு இருக்குன்னுதான் சொல்றேன்.

எங்க தெருக் காளி கோயில்ல நடந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பொறந்த நாள். தட்டுல தேங்காய், பழம், சூடம். பூசாரி பேர், நட்சத்திரம் கேட்டார். பையன் பழக்கதோஷத்துல அட்டையில இருக்கிற பேரைச் சொல்லிட்டான். அவன் பாட்டி நறுக்குன்னு தலையில ஒரு குட்டு. 'அம்மாளுக்கு அந்தப் பேர் எப்படிடா தெரியும்?' பூசாரி சிரிச்சுட்டார், ஆனா தமிழ்ப் பேர் வர்ற வரைக்கும் மணியை எடுக்கல.

அந்த மே மாசக் கதையில டாக்டரோட கல்லறைக் கதவும் அப்படித்தானே? டாக்டர்னு சொன்னா திறக்காது. நிஜப் பேருக்குத்தான் திறக்குது.

மோல்மீன் மீனா:
அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கதையையும் பாருங்க தம்பி. சுவர்ல விரிசல், அந்தப் பக்கம் அவங்க ஊரே நின்னு 'டாக்டர் யாரு?'ன்னு கேக்குது. பேர் சொன்னா ஊர் திரும்பி வரும், போரும் சேர்ந்து வரும். அவர் சொல்லாமலே கிழவராயிடுறார். கடைசியில கிளாரா விரிசல் பக்கம் உக்காந்து, அவர் பேர் டாக்டர், அந்தப் பேர் போதும்னு சொல்றா. ஊரும் ஏத்துக்குது. அவர்மேல உரிமை உள்ளவங்களே 'டாக்டர்' போதும்னு ஒத்துக்கிட்டாங்க. காளியம்மாவும் ஒருநாள் ஒத்துக்குவா.

பீலிக்கான் பெரியசாமி:
காளியை இழுக்காதம்மா.

நான் இன்னும் சொல்றேன், எழுதினவனுக்குத் தெரியாது. ஆனா கல்லறைக் கதவுன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எங்கப்பா பேர் ஆறுமுகம். வெளியில கோ மிண்ட். எங்கம்மா சந்தைக்கு நடுவுல நின்னு 'கோ மிண்ட்! கோ மிண்ட்!'னு தொண்டை கிழியக் கூப்பிடுவாங்க, கூச்சமே கிடையாது. ஆறுமுகம்னு மட்டும் வாயில வராது. பேரை விடுங்க, ஆறுன்னே சொல்ல மாட்டாங்க. முட்டை வாங்கப் போனா 'அஞ்சும் ஒண்ணும் குடு'ம்பாங்க. முட்டைக்காரி பழகிட்டா, தனித்தனியா கட்டிக் குடுப்பா.

அப்பா செத்தப்ப காரியத்துக்கு உக்காந்த பெரியவர் பேர் கேட்டார். கோ மிண்ட்னு பங்காளி ஒருத்தர் சொன்னார். பெரியவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிஞ்சு அவர் காதுகிட்ட சொன்னாங்க. அடுத்தாப்புல உக்காந்திருந்த எனக்குக் கேக்கல.

சனிக்கிழமை சரவணன்:
அண்ணே…

கொன்செடான் குமரன்:
அண்ணே, ரிவர் செஞ்சதும் அதேதான். டாக்டர் வாயைத் திறக்கல. ஆனாலும் கல்லறைக் கதவு திறந்துச்சு. சொன்னது ரிவர், அவரோட சம்சாரம். ஆவியா நின்னு சொல்றாங்க, கல்லறையா நிக்கிற வண்டிக்குக் கேட்டுச்சு, நமக்குக் கேக்கல. மீனாக்கா, இதுக்கு என்ன சொல்றீங்க?

மோல்மீன் மீனா:
பெரியசாமிண்ணன் அம்மாவுக்கு என் வணக்கம். ஆனா தம்பி, அந்தம்மா சந்தையில கத்திக் கூப்பிட்டு அண்ணன் அப்பா திரும்பிப் பார்த்தது கோ மிண்ட்ங்கிற பேருக்குத்தானே? அதைப் பொய்ப் பேர்னு சொல்லிடுவீங்களா? நான் மாறல.

2017 கிறிஸ்துமஸ்ல, அப்போ டாக்டரா நடிச்ச கபால்டி விலகிப் போகும்போது சொல்வாரே, என் பேர் சில சமயம் குழந்தைங்க காதுக்கு மட்டும் கேக்கும்னு. அதுக்கு யாருமே பதில் சொல்லலியே? என் மகளுக்கு ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு அந்த நூலகக் கதையப் போடப் போறேன். பென்டிரைவை யார்கிட்டயாவது மோல்மீனுக்குக் குடுத்து விடுங்க. சப்டைட்டில் இல்லாம.