கண்மாய் சுருங்கிடுச்சா, இல்ல என் கணக்கு தப்பா? சாட்டிலைட் படம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க

கரைமேல்கருப்பு:
வணக்கம் மக்களே. நமக்கு ஊரு மதுரைக்குக் கிழக்க. ஊருக்கு வடக்க ஒரு கண்மாய் இருக்கு, அப்பா சின்னப் பையனா இருந்தப்ப மார்கழி வரைக்கும் கலிங்குல தண்ணி வழியுமாம், இப்ப பாதிகூட நிக்கிறதில்லன்னு சொல்லிட்டே இருக்காரு. பெருசுங்க எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவாங்க, நாமளே பாத்துருவோம்னு உக்காந்தேன். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக 2020லயே இறக்கி வெச்ச சென்டினல் 2 (ஐரோப்பாக்காரங்க சாட்டிலைட்) படம் ஒண்ணு (பிப்ரவரி மாசம் எடுத்தது) பழைய ஹார்ட் டிஸ்க்ல கிடந்துச்சு. 2024 மே மாசப் படம் ஒண்ணு புதுசா இறக்கினேன். கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல போட்டு என்டிடபிள்யூஐ (தண்ணியைத் தனியாப் பிரிச்சுக் காட்டுற எண்) கணக்குப் பண்ணி 0.2க்கு மேல இருக்கிறதெல்லாம் தண்ணின்னு எண்ணினா 2020ல 61 ஏக்கர், 2024ல வெறும் 7 ஏக்கர். 54 ஏக்கர் காணோம்!! இதைப் பிரிண்ட் போட்டு அடுத்த கிராம சபைல குடுக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி சரியான்னு சொல்லுங்க, அங்க போய் அசிங்கப்படக் கூடாது.

சிவகங்கைசீமை:
தம்பி, பிரிண்ட் எதுவும் போட்டுராத. பிப்ரவரியையும் மே மாசத்தையும் பக்கத்துல வெச்சா எந்தக் கண்மாய்தான் சுருங்காது? நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகைல பெருகுனா தை மாசி வரைக்கும் தண்ணி நிக்கும், நடுவுல மடையைத் திறந்து வயலுக்கு விட்டுருவாங்க, அப்புறம் வெயிலு குடிச்சது போக மிச்சத்துல சித்திரை வைகாசில ஊரே கச்சா வலையத் தூக்கிட்டு மீன் பிடிக்க இறங்கிடும். நீ அளந்தது மீன்பிடித் திருவிழா நேரத்துக் கண்மாய். ஒரே மாசத்துப் படமா எடு, பிப்ரவரின்னா எல்லா வருசமும் பிப்ரவரி. அதுலயும் ரெண்டே வருசம் பத்தாது, ஒரு வருசம் மழை பொய்ச்சா கண்மாயே அழிஞ்ச மாதிரி தெரியும். சென்டினல் 2ல முதல் சாட்டிலைட் 2015ல போச்சு, ரெண்டாவது 2017ல, அதுக்கப்புறம் 5 நாளைக்கு ஒரு தடவை நம்ம தலைக்கு மேல வருது, ஒரு பிப்ரவரிக்கு மேகம் இல்லாத படம் ஒண்ணு ரெண்டாவது தேறாமப் போகாது.

பேண்ட்எட்டு:
மேல அண்ணன் சொன்னது பாதி. இன்னொரு குழி இருக்கு, நானே விழுந்து எந்திரிச்ச குழி. 2022 ஜனவரி 25ல இருந்து சென்டினல் 2 ப்ராசஸிங்ல ஒரு மாத்தம் கொண்டு வந்தாங்க, எல்லா பேண்ட்லயும் (ஒவ்வொரு வகை ஒளிக்கும் தனித்தனியா வர்ற அடுக்கு) மதிப்போட 1000 கூட்டித்தான் ஃபைல்ல எழுதுவாங்க. அதைக் கழிக்காம கணக்குப் பண்ணா என்ன ஆகும்னு பாரு. ஒரு தண்ணி பிக்சல்ல பச்சை பேண்ட் 800, நியர் இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) 400னு வெச்சுக்கோ. ரெண்டையும் கழிச்சா 400, கூட்டினா 1200, வகுத்தா 0.33, உன் 0.2 கோட்டைத் தாண்டிருச்சு, தண்ணி. அதே தண்ணி புது ஃபைல்ல 1800, 1400னு இருக்கும், கழிச்சா அதே 400தான், ஆனா கூட்டினா 3200, வகுத்தா 0.125. ஃபெயில். அதே கண்மாய், அதே தண்ணி, ஆனா உன் மேப்புல தரை ஆயிடும்.

உன் 2020 ஃபைல் அப்பவே இறக்கினதுங்கிற, அப்ப அதுல இந்த 1000 இருக்காது. ஃபைல் பேர்ல என்ங்கிற எழுத்துக்குப் பின்னாடி நாலு இலக்கம் வரும், அது 0400க்குக் கீழ இருந்தா பழசு, அப்படியே விடு. 0400 அதுக்கு மேலன்னா 1000 கழிச்சுட்டு ஆரம்பி. பழைய வருசப் படத்தை இன்னைக்குப் புதுசா இறக்கினாலும் திரும்ப ப்ராசஸ் பண்ணதா இருக்கலாம், அதனால படம் எடுத்த தேதியை நம்பாத, அந்த நம்பரைப் பாரு. கூகுளோட எர்த் என்ஜின்ல பண்றவங்களுக்கு இந்த 1000ஐ ஏற்கெனவே சரி பண்ணி வெச்ச ஹார்மனைஸ்டுன்னு தனி கலெக்ஷனே இருக்கு, இந்தத் தலைவலி இல்ல.

கரைமேல்கருப்பு:
அடப்பாவமே. பாத்தேன்ணே, பழைய ஃபைல்ல 02ன்னு ஆரம்பிக்குது, புதுசுல 0510. நல்லவேளை இங்க கேட்டேன்.

1000 கழிச்சுட்டு ரெண்டுக்கும் பிப்ரவரியே வெச்சுப் போட்டேன். 2020ல அதே 61, 2024ல 44. 54 ஏக்கர் 17ஆ வந்து நிக்குது. அந்த 17ம் பெரும்பாலும் மேக்கு ஓரமாத்தான் இருக்கு, வரத்துக்கால் வந்து சேர்ற பக்கம். இதையாச்சும் நம்பலாமா?

நிழல்மேகம்:
கருப்பு, அந்த மேக்கு ஓரத்தை ஒருநாள் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுப்பா. தண்ணி நியர் இன்ஃப்ராரெட்டை முழுங்கிடும், இலை அதை அப்படியே திருப்பி அடிக்கும், உன் கணக்கு மொத்தமும் இந்த ஒரு வித்தியாசத்துலதான் நிக்குது. கண்மாய் மேல ஆகாயத்தாமரை படர்ந்துச்சுன்னா கீழ ஆளு மட்டம் தண்ணி இருந்தாலும் சாட்டிலைட்டுக்கு அது தோட்டம்தான். எங்க ஏரில நான் இப்படித்தான் ஏமாந்தேன், "ஆக்கிரமிப்பு"ன்னு சிவப்புல கட்டம் போட்டு வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் போட்டாச்சு, போய்ப் பாத்தா ஆகாயத்தாமரை மேல கொக்கு நிக்குது, கட்டிடமும் இல்ல ஒண்ணும் இல்ல.

செம்மண் கலங்கலா தண்ணி வந்தாலும் குழப்பும், கலங்கல் கொஞ்சம் இன்ஃப்ராரெட்டைத் திருப்பிக் குடுக்கும். அதுக்கு நியர் இன்ஃப்ராரெட்டுக்குப் பதிலா 11வது பேண்டை (இன்ஃப்ராரெட்லயே இன்னும் நீள அலை) வெச்சுப் போட்டா பரவால்ல, ஆனா அது 20 மீட்டர் பிக்சல், கரையோரம் கொஞ்சம் மழுங்கும். மழை மாசத்துல என்ன ஆச்சுன்னு தெரியணும்னா சென்டினல் 1 ரேடார் எடு, மேகத்தைத் துளைச்சுப் பாக்கும், அமைதியான தண்ணி கன்னங்கரேல்னு தெரியும். காத்தடிச்சு அலை எந்திரிச்சா அந்தக் கறுப்பு வெளுத்துடும், ஆகாயத்தாமரையும் வெளுப்பாத்தான் காட்டும், அதனால ரேடார் வந்தாலும் நீ செருப்பு மாட்டிட்டுப் போய்த்தான் ஆகணும்.

கரைமேல்கருப்பு:
அக்கா, ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன். போன்ல ஜிபிஎஸ் போட்டுட்டு அந்த மேக்கு ஓரம் முழுக்க நடந்தேன். நீங்க சொன்னது பாதி நடந்துருக்கு. கரையை ஒட்டின பட்டைல ஆகாயத்தாமரைதான், குச்சியை விட்டுப் பாத்தா முழங்கால் ஆழம் தண்ணி. இன்னும் உள்ள வரத்துக்கால் பக்கம் போனா அது வேற கதை, வண்டல் மேடு தட்டி அது மேல சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்கும் மேல நிக்குது, உள்ள நுழையவே முடியல, சட்டை கிழிஞ்சதுதான் மிச்சம். மேப்புல ரெண்டும் ஒரே பச்சை. நான் நடந்த தடத்தை மேப் மேல போட்டுப் பிரிச்சா தாமரை 6 ஏக்கர் சொச்சம், கருவேல மேடு 10 ஏக்கர் சொச்சம். கிராம சபைல அந்த 10 ஏக்கரை மட்டும் போட்டோவோட குடுக்கப் போறேன், தூர்வாரணும்னு.

இன்னொண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், அப்பா சொல்ற காலத்துக்குப் போக முடியுமா? 80, 90கள்?

சிவகங்கைசீமை:
கொஞ்ச தூரம் போகலாம். அமெரிக்காக்காரங்க சாட்டிலைட் லேண்ட்சாட் 5, 1984ல மேல போனது, 2013 வரைக்கும் ஓடுச்சு, படம் எல்லாம் இலவசம். பிக்சல்தான் 30 மீட்டர், ஒரு பிக்சலே 22 சென்ட்டு வந்துரும், சென்டினல்ல அது ரெண்டரை சென்ட்டு. 61 ஏக்கர் கண்மாய்க்குப் பரவால்ல, ஊருணிக்கெல்லாம் ஆகாது. சொந்தமா கணக்குப் போடப் பொறுமை இல்லன்னா ஐரோப்பாக்காரங்க குளோபல் சர்ஃபேஸ் வாட்டர்னு 1984ல இருந்து எங்க எப்ப தண்ணி நின்னுச்சுன்னு உலகம் முழுக்கப் போட்டு வெச்சுருக்காங்க, முதல்ல அதுல உங்க கண்மாயைத் தேடு. 2003 மே கடைசில லேண்ட்சாட் 7ல ஒரு பார்ட்டு புட்டுக்கிச்சு, அதுக்கப்புறம் வந்த படத்துலெல்லாம் ஓரத்துல கோடு கோடா டேட்டா இருக்காது, அதைப் பாத்துட்டு எவனோ கண்மாய்க்குள்ள வரப்பு போட்டுட்டான்னு கெளம்பிராத.