பெயர்ப்பட்டை இல்லாத பழைய கம்ப்யூட்டர்: என்ன மெஷின் இது, ஓட வைக்க முடியுமா?

நம்பியூர் மணி:

வணக்கமுங்க. பழைய பொருள் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் "பழைய டைப்பிங் மெஷின், கண்டிஷன் தெரியாது" என்று போட்டிருந்த ஒன்றை வாங்கியிருக்கிறேன். விற்றவர் கோயமுத்தூர்க்காரர். பள்ளிக்கூட ஏலத்தில் பெஞ்சு, மின்விசிறி எல்லாம் மொத்தமாக எடுக்கும்போது இதுவும் சேர்ந்து வந்ததாம், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. படத்தைப் பார்த்ததுமே இது டைப்ரைட்டர் இல்லை என்று தெரிந்துவிட்டது, விலையும் ஒரு மிக்சி விலைக்குக் கீழேதான், சரி என்று எடுத்துவிட்டேன்.

அடையாளம் சொல்கிறேன். வெளிர் மஞ்சளாகப் போன பிளாஸ்டிக் பெட்டி, கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு, நல்ல கனம். எழுத்து கீ எல்லாம் கறுப்பு. மேல் வரிசையில் மட்டும் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த மாதிரி பத்து கீ, எஃப் 0 முதல் எஃப் 9 வரை. வலது பக்கம் அம்புக்குறி கீயோடு காப்பி என்று ஒரு கீ. அந்தச் சிவப்பு வரிசைக்கு மேலே பெயர்ப்பட்டை இருந்திருக்க வேண்டும், இப்போது பசைத் தடம்தான் இருக்கிறது. பின்பக்கம் வட்டமான சாக்கெட் பல, பழைய கேமரா கேபிளுக்கு வருமே அந்த மாதிரி திருகிப் பூட்டுகிற சாக்கெட் ஒன்று. அடிப்பக்கம் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கிறது, பள்ளிக்கூடம் பெயிண்டில் எழுதிய ஒரு நம்பர் மட்டும் உண்டு. பிளக் நம் ஊர் பிளக் இல்லை, சதுரக் கால் மூன்று.

இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

கேம் பிரியன்:

இங்கிலாந்தின் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்பெக்ட்ரம் ஆக இருக்கும் ப்ரோ. புனேயில் டெசிபெல்ஸ் என்று ஒரு கம்பெனி 1986 வாக்கில் டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்று லைசென்ஸ் வாங்கி விற்றார்கள். ஸ்கூல்களில் இருந்திருக்கலாம்.

சூலூர் சால்டரிங்:

ஸ்பெக்ட்ரம் இல்லை தம்பி. அதில் சிவப்பு ஃபங்ஷன் கீ வரிசையே கிடையாது, அதற்குக் கரண்டும் வெளியே இருக்கும் தனி அடாப்டரில் இருந்து வரும், பெட்டியும் கையில் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும்.

மணி, மெஷினைக் கவிழ்த்து முன்பக்க விளிம்புக்குக் கீழே பாருங்கள். தட்டையான கேபிள் சொருகுகிற கனெக்டர்கள் வரிசையாக இருக்கிறதா? டிஸ்க் டிரைவ், பிரின்டர், யூசர் போர்ட், 1 மெகாஹெர்ட்ஸ் பஸ், டியூப் என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி பிபிசியின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக 1981 கடைசியில் வெளியே விட்டது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர், மாடல் ஏ என்றால் 16 கேபி, மாடல் பி என்றால் 32 கேபி மெமரி. அதை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பின்னால் ஏஆர்எம் பிராசசரையும் செய்தார்கள், இன்றைக்கு நம் எல்லார் போனுக்குள்ளும் இருப்பது அதன் வாரிசு. மிக்சி விலைக்குக் கிடைத்ததா உங்களுக்கு? வயிறு எரிகிறது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது என்றால், 1984-85ல் மத்திய அரசு கிளாஸ் என்று ஒரு திட்டம் போட்டது, பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிமுகம் செய்ய. அதற்குத் தேர்ந்தெடுத்த மெஷின் இதுதான். மொகாலியில் இருந்த எஸ்சிஎல், அதாவது செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், லைசென்ஸ் வாங்கி யூனிகார்ன் என்ற பெயரிலும் செய்தது. 1989ல் அந்த ஃபேக்டரியே தீப்பிடித்துப் போனது தனிக்கதை. உங்களுடையது இறக்குமதியா, யூனிகார்னா என்பது பெயர்ப்பட்டை இருந்தால் உடனே தெரிந்திருக்கும். பிளக்கைப் பார்த்தால் இறக்குமதி மாதிரிதான் படுகிறது, ஆனால் பிளக்கை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

கரண்ட் கொடுக்காதீர்கள். கீழே தனியாக எழுதுகிறேன்.

ஓய்வு டீச்சர் கோபி:

படம் போடாமலே கண்ணுக்குள் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த பள்ளியில் இது இருந்த அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தலைமையாசிரியர் அறைக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. ஒரு மெஷினுக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் டைப் அடிக்க மற்றவர்கள் "அங்க கமா விட்டுட்டடா" என்று கத்துவார்கள். புரோக்ராமை கேசட்டில்தான் சேமிப்போம். வாரத்துக்கு ஒரு பீரியட், அதுவும் அன்றைக்குக் கரண்ட் இருந்தால். திட்டம் நன்றாக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், பாதி நாள் பீரோவுக்குள் பூட்டியே இருந்தது, ரிப்பேர் ஆனால் கேட்க ஆள் கிடையாது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் பின்னால் கம்ப்யூட்டர் வேலைக்கே போனார்கள்.

மணி, ஆன் செய்ததும் "பூம்...பீப்" என்று இரண்டு சத்தம் வரும். அது வந்தால் மெஷினுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

திருப்பூர் டெக்:

இவ்வளவு பயப்பட வேண்டாம், பிளக்கை மாற்றிச் சும்மா போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துப் பொருள், ஒன்றும் ஆகாது. என்னிடம் இருந்த ஒன்று அப்படித்தான் ஓடியது.

சூலூர் சால்டரிங்:

ஓடும், கொஞ்ச நேரம். அப்புறம் வீடு முழுக்கப் புகை. இந்த மெஷினில் இதற்கென்றே பெயர் வாங்கிய இடம் பவர் சப்ளை. உள்ளே மெயின்ஸ் நுழைகிற இடத்தில் கரண்ட் லைனில் மின் இரைச்சல் (நாய்ஸ்) போகாமல் தடுக்க எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர் இரண்டு இருக்கும், ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. பழசில் வருவது பெரும்பாலும் காகிதம் சுற்றிக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் ஊற்றிய வகை. வருஷம் ஆக ஆக அந்த மேல்பூச்சு மெல்லிசாக வெடிக்கும், அதன் வழியாக ஈரம் உள்ளே போகும், பிறகு 230 வோல்ட் கிடைத்ததும் வெடித்துப் புகையும். மெஷின் செத்துப்போகாதுதான், பல சமயம் புகைக்கு நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அந்த நாற்றமும் பிசினும் போகவே போகாது. இரண்டையும் 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 என்று போட்ட புதியதாக மாற்றுங்கள், காந்திபுரம் பக்கம் எந்த எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கடைக்காரர் "சாதாரண கெப்பாசிட்டரே போதும்" என்பார், கேட்காதீர்கள், எக்ஸ்2தான் வேண்டும், அது பழுதானால் பற்றி எரியாத மாதிரி செய்த ரகம்.

திறப்பது சுலபம். பின்னால் இரண்டு, அடியில் இரண்டு ஸ்குரூ, பக்கத்திலேயே ஃபிக்ஸ் என்று அச்சடித்திருக்கும். மூடி கையோடு வரும். இடது பக்கம் தனிப் பெட்டியாக இருப்பது பவர் சப்ளை. அதில் இருந்து போர்டுக்கு வரும் சிவப்பு ஒயர் 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, ஊதா மைனஸ் 5. எது எங்கே என்று கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்து வையுங்கள். மாற்றிச் சொருகினால் நான் பொறுப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் வைக்காதீர்கள்.

ரீவைண்டிங் ராசு:

கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாதுங்க, மோட்டார்தான் நம்ம சோலி. ஆனா சந்தேகமான எந்தச் சாமானுக்கும் முதல் கரண்ட் சீரிஸ் லேம்ப் வழியாத்தான் கொடுக்கணும். 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை ஃபேஸ் லைன்ல சீரிஸா போட்டுருங்க. உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், சாமான் தப்பிச்சுரும். நல்லா இருந்தா பளிச்சுன்னு ஒரு தடவை எரிஞ்சு மங்கிரும். எல்ஈடி பல்பு போட்டு ஏமாந்துராதீங்க, குண்டு பல்பேதான். எங்கே கிடைக்கும்னு கேட்டா எந்த ரீவைண்டிங் கடையிலயும் ஒண்ணு தொங்கும், கேட்டா கொடுப்பாங்க.

சூலூர் சால்டரிங்:

ராசு அண்ணன் சொல்வது அச்சு அசல் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த சப்ளை லோடு இல்லாமல் ஒழுங்காகக் கிளம்பாது. போர்டைக் கழற்றி வைத்துவிட்டு 5 வோல்ட்டில் வண்டி இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒன்றை மாட்டி மீட்டரில் பாருங்கள். 5க்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றால் போர்டுக்குக் கொடுக்கலாம்.

நம்பியூர் மணி:

எல்லாருக்கும் நன்றிங்க. அடியில் நீங்கள் சொன்ன வரிசை அப்படியே இருக்கிறது, டியூப் வரைக்கும். உள்ளே திறந்து பார்த்ததில் 6502, 6845, எஸ்ஏஏ5050, 6522 இரண்டு. சின்னச் சின்ன மெமரி சிப் பதினாறு. தூசி என்றால் சாதாரணத் தூசி இல்லை, பஞ்சு. இடையில் ஏதாவது மில் பக்கம் கிடந்ததோ என்னமோ.

கெப்பாசிட்டர் இரண்டும் மாற்றிவிட்டேன். பழசைப் பார்த்தால் உடல் முழுக்க மயிரிழை வெடிப்பு, நல்லவேளை. சீரிஸ் பல்பு மங்கியது, 5 வோல்ட் நின்றது. போர்டுக்குக் கொடுத்தேன். டீச்சர் சொன்ன "பூம்" வருகிறது, "பீப்" வரவில்லை, பூம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. டிவியில் வெறும் கறுப்பு.

சூலூர் சால்டரிங்:

பதினாறு மெமரி சிப் என்றால் 32 கேபி, மாடல் பி அளவு. எஸ்ஏஏ5050 டெலிடெக்ஸ்ட் சிப், அதாவது டிவி திரையில் எழுத்துப் பக்கம் காட்டுவதற்கானது, இந்தச் சேர்மானம் வேறு மெஷினில் நான் பார்த்ததில்லை.

சத்தம் நிற்கவில்லை என்றால் பிராசசர் வேலையைத் தொடங்கவே இல்லை என்று பொருள். கரண்ட் வந்ததும் சவுண்டு சிப் தானாகக் கத்தத் தொடங்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடி வந்துதான் அதை நிறுத்த வேண்டும். உடனே எந்த சிப் போச்சு என்று தேடாதீர்கள். இத்தனை வருஷம் சாக்கெட்டில் உட்கார்ந்த சிப்புகளின் கால் கறுத்திருக்கும். கீபோர்டைக் கழற்றினால் வலது முன் மூலையில் ஐந்து சாக்கெட் வரிசையாக இருக்கும், அதில் ஒன்று ஆபரேட்டிங் சிஸ்டம் ரோம், அதாவது அந்தப் புரோக்ராமை நிரந்தரமாக எழுதி வைத்த சிப். ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் மெதுவாக நெம்பி எடுத்து, காலை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதே திசையில் திரும்ப அழுத்துங்கள். கால் மடங்கினால் நிமிர்த்தலாம், இரண்டாவது தரம் ஒடியும். 6502, 6522 இரண்டையும் அதே மாதிரி. கீபோர்டு கேபிளையும் கழற்றிப் போடுங்கள்.

நம்பியூர் மணி:

பீப் வந்துருச்சு!! வீட்டில் எல்லாரும் ஓடி வந்து பார்த்தார்கள், அம்மாவுக்கு மட்டும் இதில் சீரியல் வருமா என்று சந்தேகம்.

திரையில் பிபிசி கம்ப்யூட்டர் 32கே என்று வருகிறது, அதற்குக் கீழே லாங்குவேஜ்? என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. கறுப்பு வெள்ளைதான் தெரிகிறது, அது டிவி கோளாறா?

சூலூர் சால்டரிங்:

பிபிசி என்றே போட்டுவிட்டதல்லவா, பெயர்ப்பட்டை போனால் போகட்டும். லாங்குவேஜ்? என்று நின்றால் பேசிக் ரோம், அதாவது பேசிக் என்ற புரோக்ராம் மொழி இருக்கும் சிப், அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த ஐந்து சாக்கெட்டில் பேசிக் இருப்பதைத் திரும்பத் துடைத்து உட்கார வையுங்கள், அல்லது பக்கத்தில் காலியாக இருக்கும் ரோம் சாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள், எதில் போட்டாலும் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆபரேட்டிங் சிஸ்டம் ரோமை மட்டும் இடம் மாற்றக் கூடாது.

கறுப்பு வெள்ளை கோளாறு இல்லை. திருகுகிற சாக்கெட் வழியாக ஃபேக்டரியில் இருந்து வருவதே அப்படித்தான். போர்டில் எஸ்39 என்று ஒரு லிங்க் இருக்கும், அதை இணைத்தால் கலர். நான் இணைக்க மாட்டேன், எழுத்து கறுப்பு வெள்ளையில்தான் கூர்மையாக இருக்கும்.

நம்பியூர் மணி:

பேசிக் வந்துவிட்டது, சாக்கெட் மாற்றியதும். 10 பிரிண்ட் "நம்பியூர்", 20 கோட்டோ 10 என்று ஆங்கிலத்தில் அடித்து ஓடவிட்டு வைத்திருக்கிறேன். ஏழாம் நம்பர் கீ மட்டும் ஓங்கி அழுத்தினால்தான் விழுகிறது. டிஸ்க் டிரைவ் இல்லை, கேசட்டும் இல்லை, கேம் ஏதாவது ஏற்ற வழி உண்டா? மஞ்சள் போவதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெயிலில் வைக்கச் சொல்கிறார்களே?

ஓய்வு டீச்சர் கோபி:

மஞ்சள் இருக்கட்டும் மணி. வெள்ளையாக்கினால் எனக்கு அடையாளம் தெரியாது. பள்ளிக்கூடத்து நம்பரையும் அழித்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் வரும்போது ஒரு நாள் டைப் அடித்துப் பார்க்கலாமா?

சூலூர் சால்டரிங்:

பெராக்சைடு விஷயத்தில் நான் டீச்சர் பக்கம். நம் ஊர் சித்திரை வெயிலில் வைத்தால் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும், பிறகு சில வருஷத்தில் மஞ்சள் திரும்பவும் வரும்.

ஏழாம் கீக்குள் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு நிறைய தடவை அழுத்துங்கள், சரியாகும். ஏற்றுவதற்கு முன் பிரிண்ட் பேஜ் என்று அடியுங்கள். 3584 என்று வந்தால் டிஸ்க் ரோம் இல்லை, 6400 என்றால் இருக்கிறது, அப்போது ஃபிளாப்பிக்குப் பதில் பென் டிரைவ் மாட்டும் எமுலேட்டரைப் பற்றி யோசிக்கலாம். இல்லாவிட்டாலும் கவலை இல்லை, கேசட் சாக்கெட்டுக்கு ஏழு முள் டிஐஎன் வகை வட்டப் பிளக் வாங்கி, மறுமுனையில் ஹெட்ஃபோன் ஜாக் சால்டர் செய்துவிடுங்கள். கேசட் கேம்களை ஆடியோ ஃபைலாக மாற்றும் இலவசப் புரோக்ராம்கள் உண்டு. மெஷினில் *டேப் என்று அடித்துவிட்டு, செயின் அடித்து இரட்டை மேற்கோள் குறி இரண்டு போட்டு என்டர், பிறகு போனில் பிளே. முக்கால் வால்யூமில் தொடங்குங்கள், பிளாக் எண் ஏறாமல் நின்றால் கொஞ்சம் கூட்டுங்கள், ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள், நடுவில் யாராவது போன் செய்தால் முதலில் இருந்து ஏற்ற வேண்டும்.