பள்ளி, ஹள்ளி, அள்ளி: இந்தச் சொல்லை எங்கெங்கே பார்த்தீர்கள்?

தகடூரான் (தர்மபுரி)

ஒரே ஊர். ஒரு பலகையில் மாரண்டஹள்ளி, நூறு அடி தள்ளி இன்னொரு பலகையில் மாரண்டஅள்ளி. பேருந்தில் நடத்துநர் வாயில் இரண்டும் இல்லை, "மாரண்டள்ளி எறங்கு!" அவ்வளவுதான். அதே பாலக்கோடு வட்டத்தில் பஞ்சப்பள்ளி இருக்கிறது, அணைக்கட்டு உள்ள ஊர். அங்கே மட்டும் ப எப்படித் தங்கியது?

இந்தச் சொல்லை எந்த மொழியில், எந்தப் பலகையில், எந்த ஆவணத்தில் என்ன பொருளில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். குடும்பக் கதை வேண்டாம், சொல்லைப் பற்றி மட்டும். தெரிந்ததைத் திருத்தமாக எழுதினால் போதும்.

கெலமங்கலத்துக்காரி (வீட்டில் கன்னடம்)

அண்ணா, பள்ளியும் ஹள்ளியும் ஒரே சொல். கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ப, 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஹ ஆகத் தொடங்கி, அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் மாறிவிட்டது. நீங்கள் தினம் பேசும் சொற்களையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பால் – ஹாலு, புல் – ஹுல்லு, பாம்பு – ஹாவு, பத்து – ஹத்து, பன்றி – ஹந்தி, புலி – ஹுலி, போகு – ஹோகு. இந்த வரிசையில்தான் பள்ளி – ஹள்ளி வருகிறது. பொருள் மட்டும் ஒடுங்கிவிட்டது. கன்னடத்தில் ஹள்ளி என்றால் கிராமம், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ‘சாலெ’ என்போம்.

சுற்றுலாப் பலகையில் தினம் பார்க்கும் ஒகேனக்கல்லும் இதே கதைதான். ஹொகெ என்றால் புகை, கல் என்றால் கல். ஓசூரும் அப்படியே. பழங்கன்னடத்தில் ‘பொச’ என்றால் புதிய, அது ‘ஹொச’ ஆனது. ஆக ஓசூர் என்பது நம்ம ஊர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும் புதூர்தான். பட்டி என்பது அங்கே ஹட்டி. நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்பதும் இதுவே. பாடி என்பது ஹாடி.

எங்கே மாறாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் எல்லா ப-வையும் ஹ ஆக்கிப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். ப இரட்டித்து வந்தால் மாறாது: அப்ப, உப்பு, துப்ப (நெய்). வடமொழியிலிருந்து வந்த புஸ்தக, பத்ர போன்றவையும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆனால் பட்சி பக்கி ஆகி, பிறகு ஹக்கி ஆனது. பர்வம் ஹப்ப ஆனது, அதாவது பண்டிகை. சீக்கிரம் வந்து மக்கள் வாயில் புரண்ட வடசொற்கள் மாறின, பிறகு ஏட்டு வழியாக வந்தவை மாறவில்லை.

கல்வெட்டு அட்டவணை புரட்டுகிறவர்களுக்கு ஒன்று. 10-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய கன்னடக் கல்வெட்டில் ஹ வரிசையில் ஊரைத் தேடிப் பயனில்லை. ப வரிசையில் தேடுங்கள்.

பத்திரம் எழுதுபவர் (பாலக்கோடு)

மொழி ஆராய்ச்சி எனக்கு வராது சார். ஆனால் இந்த ஒரு எழுத்தால் என்ன ஆகிறது என்பது தெரியும்.

வில்லங்கம் பார்க்கும்போது ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்து தேடாதீர்கள். அள்ளி, ஹள்ளி, யள்ளி என மூன்று விதமாகவும் பதிவாகியிருக்கும். நீங்கள் ஒன்றைத் தட்டினால் மற்ற இரண்டும் வராது. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் தேர்ந்தெடுத்து, கிராமத்தையும் பட்டியலிலிருந்தே எடுத்து, சர்வே எண், உட்பிரிவு எண் கொடுங்கள். எண் பொய் சொல்லாது.

புதுப் பத்திரத்தில் எந்த எழுத்து போடுவது? பட்டாவிலும் அ-பதிவேட்டிலும் (கிராம நிலங்களின் அரசுப் பதிவேடு) வருவாய் கிராமத்தின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே. உங்களுக்குப் பிடித்த தமிழை அங்கே காட்ட வேண்டாம். தாய்ப்பத்திரத்தில் வேறு எழுத்து இருந்தால் சொத்து விவரத்தில் "மாரண்டஹள்ளி என்கிற மாரண்டஅள்ளி" என்று ‘என்கிற’ போட்டு இரண்டையும் எழுதிவிட வேண்டும். வங்கியில் கடனுக்குப் போகும்போது சட்டக்கருத்து எழுதும் வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். ஆதாரில் ஆங்கில எழுத்து வேறாக இருப்பது அவ்வளவு தொல்லை இல்லை. பின்கோடும் கதவு எண்ணும் சரியாக இருந்தால் தபால் வந்துவிடும்.

பெயருக்கு முன்னால் வரும் ‘பி.’, ‘ஏ.’ எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். பி.செட்டிஹள்ளி, ஏ.ஜெட்டிஹள்ளி என்று அவை பெயரோடு ஒட்டியவை. ஒரே பெயரில் பல ஊர் இருக்கும் மாவட்டத்தில் அந்த ஒற்றை எழுத்துதான் எல்லைக்கல்.

புலவர் (அரூர்)

ஐயா, மாரண்டஅள்ளி என்று உயிரோடு உயிர் முட்டி நிற்கிறதே, அதைப் பற்றி ஒரு சொல்.

ஹ வேண்டாம் என்றால் தமிழ் மரபு அதை உதிர்த்துவிடும். ஹனுமான் அனுமன், ஹரி அரி, ஹிமாசலம் இமாசலம். அந்த வழியில் ஹள்ளி அள்ளி ஆனது மரபுப்படிதான். ஆனால் அதோடு நிற்காது. மாரண்ட + அள்ளி என்று அகரத்தின் பின் அகரம் வந்தால் இடையில் வகர உடம்படுமெய் வர வேண்டும். போட்டுப் பாருங்கள்: மாரண்டவள்ளி! ஊர் போய் முருகன் மனைவி வந்துவிட்டாள். உடம்படுமெய் போடாமல் விட்டால் ‘வாரி அள்ளி’ என்கிற அள்ளி நினைவுக்கு வருகிறது. இலக்கணப்படி குறைதான் என்றாலும், அந்த இடைவெளியோடு எழுதுவதுதான் நேர்மை என்பது என் கட்சி. அங்கே ஒரு ஹ இருந்தது என்று அந்த வெற்றிடம் சொல்கிறது.

"பழைய தமிழ்ப் பெயரை மீட்போம், மாரண்டப்பள்ளி ஆக்குவோம்" என்றும் சிலர் கிளம்புகிறார்கள். அப்படியொரு பெயர் வழங்கியதற்குக் கல்வெட்டோ ஓலையோ காட்டினால் பேசலாம். ஊர்ப்பெயரில் கை வைப்பது லேசில்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி வந்த அரசாணையே சில நாளில் திரும்பிப் போனது.

தமிழில் இச்சொல்லின் பழைய பொருள் படுக்கை, தங்குமிடம். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், மார்கழித் திருப்பள்ளியெழுச்சி எல்லாம் அதில் வந்தவை. மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டில் ‘பளி’ என்று இருக்கிறது. இரட்டை மெய்யை ஒற்றையாகச் செதுக்கும் அக்கால வழக்கம் தெரியாதவர்கள் அதைப் பலிபீடம் என்று படித்துவிடக் கூடும். அது சமண முனிவர் தங்கக் கொடுத்த பள்ளி. துறவிகள் தங்கிய இடத்தில் பாடமும் நடந்ததால் பள்ளிக்கூடம் வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பள்ளிவாசலிலும் அதே வழிபாட்டிடப் பொருள் தொடர்கிறது. அரசர் சமாதி மேல் எழுப்பிய கோயில் பள்ளிப்படை.

இதைப் படித்துவிட்டு நல்லம்பள்ளி, போச்சம்பள்ளி எல்லாம் சமணப் பள்ளி என்று எழுதிவிட வேண்டாம், தயவுசெய்து. சிற்றூர் என்ற பொருளும் பழையதுதான். சமணம் என்று சொல்ல இருக்கையோ சிற்பமோ கல்வெட்டோ தரையில் இருக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது.

வேப்பனப்பள்ளி ரோடு (வீட்டில் தெலுங்கு)

பஞ்சப்பள்ளியில் ப ஏன் தங்கியது என்று கேட்டவருக்கு: தெலுங்கில் ப ஹ ஆகவே இல்லை. பல்லெ என்றால் கிராமம், ஊர்ப்பெயரில் பல்லி. கிருஷ்ணகிரியைச் சுற்றிலும் காட்டிநாயனப்பள்ளி, பெத்ததாளாப்பள்ளி, குருபரப்பள்ளி என்று ப நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெத்த என்றால் பெரிய, அது தெலுங்கேதான்.

கவனிக்க வேண்டிய எழுத்து ள. தெலுங்கில் அது ‘ல்ல’ ஆகிவிட்டது. எங்கள் வாயில் பல்லிதான். தமிழில் எழுதும்போது கணக்குப்பிள்ளைகள் ள போட்டுப் பள்ளி ஆக்கினார்கள். தமிழ்ப் பல்லியைத் தெலுங்கில் பல்லி என்று ப-வை அழுத்திச் சொல்வோம், ‘பந்து’ மாதிரி. கன்னடத்தில் பல்லி ‘ஹல்லி’, பல் ‘ஹல்லு’, ஊர் ‘ஹள்ளி’. ஆங்கிலத்தில் எழுதினால் ஊரும் பல்லியும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்று, தெலங்கானா பக்கம் வேர்க்கடலைக்கு ‘பல்லி’ என்று பெயர். அந்த ஊர்ச் சமையல்காரர் வைத்திருக்கும் மெஸ்ஸில் ‘பல்லி சட்னி’ என்று தமிழில் எழுதி வைத்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள்.

போச்சம்பள்ளி இரண்டு உண்டு. நம்முடையது கிருஷ்ணகிரி மாவட்டத்தில். இன்னொன்று தெலங்கானாவில், 1951-இல் வினோபா பாவே பூதானம் தொடங்கிய ஊர், இக்கத் சேலைக்குப் பெயர்போனது. ‘போச்சம்பள்ளிப் பட்டு’ அந்த ஊர்ச் சரக்கு. பார்சல் அனுப்பும்போது பின்கோட்டின் முதல் எண்ணைப் பாருங்கள்: 6 என்றால் நம்மூர், 5 என்றால் அங்கே.

சிப்காட் ஷிப்டு (ஓசூர்)

வங்காளத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள், அவர்கள் மொழியில் ‘பொல்லி’ என்றால் கிராமம். கொல்கத்தாப் பக்கம் நகரின் உள்ளே இருக்கும் பேட்டைகளுக்கும் அது ஒட்டாக வரும். வடமொழியில் பல்லீ என்று சிற்றூர்ப் பொருளில் இருக்கும் சொல்தான் அங்கே போயிருக்கிறது.

மலையாளத்தில் பள்ளி என்றால் கிறிஸ்தவர் தேவாலயமும் மசூதியும். சிங்களத்தில் பல்லிய என்றாலும் அவ்விரண்டே. அரசருக்கும் சாமிக்கும் உரிய எதன் முன்னும் பள்ளி சேர்ப்பது கேரள வழக்கம்: பள்ளிவாள், பள்ளிவேட்டை. கார்த்திகை மாலை போட்டவர்கள் "பள்ளிக்கட்டு" என்று இருமுடியைச் சொல்வதும் அதுதான்.

காட்டாறு (அஞ்செட்டி)

ஹள்ளிக்கு ஒரு பங்காளி இருக்கிறான், இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் காவிரியில் போய்ச் சேரும் தொட்டல்லா ஆறு. மழைக்காலத்தில் செய்தியில் வரும். தொட்ட என்றால் பெரிய, ஹள்ள என்றால் ஓடை. தமிழ்ப் பள்ளம்தான் அங்கே ஹள்ளம் ஆனது. தொட்ட ஹள்ள, வாயில் தேய்ந்து தொட்டல்லா. தமிழில் சொன்னால் பெரும்பள்ளம். அதன் மேல் ‘ஆறு’ வேறு. பலகையில் ‘ல்லா’ என்றோ ‘ள்ளா’ என்றோ முடிந்தால் தண்ணீர், ‘ள்ளி’ என்று முடிந்தால் ஊர் என்பது எங்கள் காட்டுக் கணக்கு.

தகடூரான்

நல்ல சரக்கு வந்திருக்கிறது. இப்போது ஒரு பெயரை மேசையில் போட்டுப் பிரிக்கலாம். பாலக்கோடு ஒன்றியத்தில் பேவுஹள்ளி.

முதலில் வாலை வெட்டுங்கள். ஹள்ளி, அதாவது கன்னட வாய் பட்ட ஊர். மிச்சம் பேவு. தமிழில் பேவு என்று எதுவும் இல்லை. இங்கேதான் தமிழ் எழுத்து நம்மை ஏய்க்கிறது: நம் ப ஒன்றே, அதை ‘பந்து’ மாதிரியும் படிக்கலாம், ‘பால்’ மாதிரியும் படிக்கலாம். பந்து மாதிரிப் படித்தால் கன்னட பேவு, அதாவது வேம்பு. தமிழில் முதலில் வரும் வ கன்னடத்தில் இந்த ப ஆகும்: வா – பா, வாழை – பாளெ, வெள்ளி – பெள்ளி. ஆக பேவுஹள்ளி என்பது வேப்பம்பள்ளி.

அடுத்து, நடுவில் இருக்கும் இணைப்பு. எர்ரனஹள்ளி பாருங்கள். ‘எர்ர’ தெலுங்கில் சிவப்பு, ஆள் பெயராகவும் வரும். ‘-ன’ என்பது ‘உடைய’ என்னும் கன்னட உருபு. வாலும் கன்னடம், எழுத்து மட்டும் தமிழ். குருபரப்பள்ளியில் ‘குருபர’ கன்னடப் பன்மை, அதாவது குரும்பர்களுடைய, ஆனால் வாலில் ப. அதனால்தான் சொல்கிறேன், வாலை மட்டும் பார்த்து மொழி சொல்லாதீர்கள், இணைப்பைப் பாருங்கள். நல்லம்பள்ளி மாதிரி ‘ம்’ வந்தால் தமிழ்.

வேப்பனப்பள்ளி ரோடு

அந்த ‘ம்’ விதியை எழுதிவிடாதீர்கள் அண்ணா. தெலங்கானா போச்சம்பள்ளியிலும் ‘ம்’ இருக்கிறதே. மேலும் தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. ‘ம்’ வைத்தும் ‘நல்ல’ வைத்தும் தீர்ப்பு சொன்னால் இரண்டு முறை வழுக்கும்.

தகடூரான்

சரி, ‘ம்’ விதி வாபஸ். ‘-ன’, ‘-ர’ இருந்தால் கன்னடம் என்பது நிற்கிறது அல்லவா?

கெலமங்கலத்துக்காரி

ஆள் பெயரோ கூட்டப் பெயரோ முன்னால் இருந்தால் பெரும்பாலும் நிற்கும் அண்ணா. மரம், கல், ஏரி முன்னால் வந்தால் அந்த உருபு இல்லாமலே ஒட்டும், பேவுஹள்ளி மாதிரி.

காவேரிப்பட்டணம் பக்கம் பன்னிஹள்ளி என்ற பெயரைப் படித்துச் சிரிப்பவர்களுக்கும் இதுவே பதில். பன்றி கன்னடத்தில் ஹந்தி. அதுவாக இருந்தால் ஹந்திஹள்ளி என்று வந்திருக்க வேண்டும். பந்து ப போட்டுப் படியுங்கள். பன்னி என்றால் வன்னி மரம். தசரா அன்று மைசூர்ப் பக்கம் கும்பிட்டு இலை பறித்துக் கொடுப்பார்களே, அந்த மரம்.