சவர்டோ மிச்ச மாவில் அடுக்கு கேசரோல்: நடு அடுக்கு கூழாகிறது

பீடோக்_அடுப்படி:
சவர்டோ ஸ்டார்ட்டர் (ரொட்டிக்காகப் புளிக்கவைத்து வளர்க்கும் மாவு) மிச்சத்தில் மெல்லிய பான்கேக் சுட்டு, கோழிக் கைமா, கீரை, வெள்ளை சாஸ், சீஸ் என்று மாற்றி மாற்றி அடுக்குகிறேன். 20 செ.மீ. தட்டு, 180 டிகிரி. மேலே கருகுகிறது, நடுவில் கூழ். வெட்டினால் சரிகிறது. புளிப்பும் தூக்கல். எங்கே தப்பு?

மாவுச்சட்டி:
முதலில் மாவைப் பாருங்க. சம எடை மாவும் தண்ணீரும் போட்டு வளர்த்த ஸ்டார்ட்டர் என்றால், 300 கிராம் மிச்சத்தில் 150 மாவு, 150 தண்ணீர். அதோடு முட்டை 2, பால் 100 மி.லி., எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி. கட்டியில்லாமல் அடித்து அரை மணி வையுங்க. கரண்டிக்கு 60 மி.லி., எட்டு வரும்.

சோடா உப்பு புளிப்பைக் குறைக்கும். ஆனால் பான்கேக் பஞ்சாகி சாஸை உறிஞ்சிவிடும். அடுக்குக்கு அது வேண்டாம். புளிப்பைக் குறைக்க வழி புது மிச்சம்தான். நம்ம ஊர் 30 டிகிரியில் இரவு முழுக்க வெளியே கிடந்த மிச்சத்தில் அமிலம் ஏறி, குளூட்டன் (மாவைப் பிடித்து நிறுத்தும் புரதம்) அறுந்து, திருப்பும்போதே கிழியும். ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துடுங்க. மேலே நிற்கும் கருப்புத் தண்ணீரை வடித்தால் போதும். இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் மொத்தமும் குப்பைக்கு.

சுட்டதும் சூட்டோடு அடுக்காதீங்க, வேர்த்துவிடும். கம்பித் தட்டில் ஆறணும்.

தேக்கா_கறித்தூள்:
கூழுக்குப் பெரும்பாலும் பூரணத்தின் தண்ணீர்தான் காரணம் அக்கா. 500 கிராம் கைமாவை வெங்காயம், ஒன்றரை மேசைக்கரண்டி கறித்தூளோடு வதக்கும்போது, வாணலி நடுவில் கரண்டியால் கோடு இழுங்க. எண்ணெய் மட்டும் கசிந்தால் சரி. தண்ணீர் வந்து சேர்ந்தால் இன்னும் வத்தணும். கீரையை வதக்கி, ஆறவிட்டு, கையால் இறுக்கிப் பிழியுங்க. பலர் பிழிகிறேன் என்று தடவிக்கொடுக்கிறார்கள்!

சாஸுக்கு வெண்ணெய் 40 கிராம், மைதா 40, பால் 400 மி.லி.; அடுக்குக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஆறிய கைமாவில் ஒரு முட்டை அடித்துச் சேர்த்தால் துண்டு சரியாது.

மாவுச்சட்டி:
மேசை ஓவனில் மேல் கம்பி தட்டுக்கு ரொம்பக் கிட்டே இருக்கும், அதுதான் கருகல். கீழ்த் தட்டில் வைத்து, அலுமினியத் தாள் மூடி 25 நிமிடம், திறந்து 10 நிமிடம். முட்டை சேர்த்திருந்தால் நடுவில் 74 டிகிரி வரணும். எடுத்து 15 நிமிடம் கழித்துத்தான் கத்தி.

பீடோக்_அடுப்படி:
நன்றி. சைவமாகச் செய்தால் கைமாவுக்குப் பதில் தாவ் குவா (கெட்டி டோஃபு) சரிப்படுமா?

தேக்கா_கறித்தூள்:
சரிப்படும். துணியில் சுற்றி, கனம் ஏற்றி அரை மணி வைத்து, உதிர்த்து, வறண்டு சிவக்க வறுங்க. கறித்தூள் அதற்கப்புறம்.